நல்லா இழுக்கு

தூத்துக்குடியில் ரெகுலேட்டர் என்றால் மின்விசிறிக்கு வைப்பதுதான். "எங்க வீட்ல அவிய ஒரு ரெகுலேட்டருக்கு நாயா அலையுதாவ" என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லி வருத்தப்பட்டேன். கூட வேலை பார்த்த டீச்சர் உடனே, "எங்க வீட்டுல பழசு ஒண்ணு சும்மாதான் கெடக்கு. ரெண்டாம் நம்பர்ல மட்டும் ஓடாது, பரவால்லியா?" என்று கேட்டார். என்னால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. என் கணவர் தேடியது கடலுக்கு அடியில் மூச்சு விடுவதற்கான ரெகுலேட்டர். முதுகில் கட்டிய சிலிண்டரில் அடைத்துவைத்த காற்றை, இழுக்கும்போது மட்டும், இழுக்கிற அளவு மட்டும் வாய்க்குள் விடுகிற கருவி. பித்தளையும் ரப்பரும் சேர்ந்து ஒரு கைக்குள் அடங்கிவிடும். அது ஓடாவிட்டால் புழுக்கத்தோடு போகாது, ஆளே போய்விடும்.

எழுபதுகளின் நடுவில், புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம் அது. என் கணவர் கடற்படையில் ஒன்பது வருஷம் முக்குளிக்கிற வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தார். கப்பலை உந்துகிற அடி விசிறியில் கயிறு சுற்றிக்கொண்டால் கூப்பிடுவார்கள். நங்கூரம் அறுந்துபோனால் கூப்பிடுவார்கள். ஒருமுறை ஒரு மாலுமியின் பல் செட் தண்ணீரில் விழுந்து அதற்கும் கூப்பிட்டார்கள். போய் எடுத்தும் கொடுத்தார். கூப்பிடாத நாட்களில் வீட்டில் உட்கார்ந்து தன் ரெகுலேட்டரைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார். அது எங்கேயோ கழித்துப்போட்ட சாமான்களோடு ஏலத்தில் எடுத்தது. உள்ளே இருக்கிற ரப்பர் சவ்வு கிழிந்தபோது சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வைத்தார். அந்த டியூபிலேயே ஒரு வருஷம் ஓட்டினார்.

எங்களுக்கு மில்லர்புரத்தில் வாடகை வீடு, இரண்டு பெண்பிள்ளைகள். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நாசரேத்துப் பக்கத்து வாத்தியார் குடும்பத்தில் பிறந்தவள். அடுத்தவர் தப்பைத் திருத்துவது எங்களுக்கு ரத்தத்தில் வருவது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. காற்று மாறினால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். ஆனாலும் சத்தம் போடுகிற அளவுக்கு மூச்சு எப்போதும் மிச்சம் இருந்தது. நான் வீட்டுக்குள் பேசினால் மூன்றாவது வீட்டில் நாய் எழுந்து உட்காரும் என்று என் கணவர் சொல்வார். அவர் பேசினால் எனக்கே கேட்காது.

அந்த வருஷம் நான்கு மாதம் அவரை யாரும் கூப்பிடவில்லை. கழற்றிப் பூட்ட ஒன்றும் இல்லாமல் மூத்தவளின் காம்பஸைக் கழற்றிவிட்டார். அவள் பரீட்சைக்கு அழுதுகொண்டு போனாள். நான் அன்றைக்கு என்னவெல்லாம் சொன்னேன் என்று இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. உப்பளத்தில் கணக்கு எழுதுகிற வேலையாவது கேளுங்கள் என்றேன். கேட்டார். அங்கேயும் ஆள் இருந்தது.

அப்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை ஒப்பந்தக்காரர் ஒருவரிடமிருந்து ஆள் வந்தது. கப்பல் வந்து நிற்கிற மேடையான ஜெட்டியைத் தாங்குகிற இரும்புத் தூண்களை மாதாமாதம் தண்ணீருக்குள் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்து வேலை. சொந்தக் கருவியோடு வர வேண்டும். திங்கட்கிழமை காலை வந்து இறங்கிக் காட்ட வேண்டும், முடியாது என்றால் பம்பாயிலிருந்து ஆள் வரும். வந்தவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு என் கணவர் ரெகுலேட்டரை எடுத்துத் துடைக்க உட்கார்ந்தார். அதன் உடம்பில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல் விழுந்திருந்தது. அதை சைக்கிள் டியூப் வைத்து அடைக்க முடியாது. வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்த கதைதான்.

புதன்கிழமை அவர் தபாலாபீசில் காத்துக் கிடந்து சென்னைக்கு ட்ரங்க் கால் போட்டார். அங்கே ஒரு கடையில் புது ரெகுலேட்டர் ஒன்றே ஒன்று இருந்தது, பெட்டி பிரிக்காதது. வியாழக்கிழமை ரயிலேறினால் சனிக்கிழமை திரும்பிவிடலாம். என் கழுத்துச் சங்கிலியை அன்றைக்கே அடகு வைத்தால் அதற்குச் சரியாக இருக்கும், ஆனால் ஒரு பைசா மிஞ்சாது. இங்கே கடற்கரைச் சாலையில், கப்பல்களிலிருந்து இறங்குகிற பழைய சாமான்களை விற்கிற ஓர் அண்ணாச்சியிடம் பழசு ஒன்று இருந்தது. விலை அதில் மூன்றில் ஒரு பங்கு.

அவருக்குப் புதுசு வேண்டும். அவர் எதையும் வேண்டும் என்று கேட்கிற ஆள் இல்லை. அன்றைக்குக் கேட்டார்.

"புதுசுன்னா அதுக்குள்ள என்ன நடந்திருக்கும்னு நான் யோசிக்க வேண்டாம்ளா" என்றார். "பழசு வாங்கினா, முந்தி எவன் வச்சிருந்தான், நல்ல தண்ணியில அலசினானா, உள்ள உப்புத்தண்ணி போச்சா, எல்லாத்தையும் சேத்துல்லா வாங்குதோம்."

"புதுசு வாங்குததுக்கு நாம என்ன எட்டயபுரம் ஜமீனா?" என்றேன் நான்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. எங்கள் கட்டில் பழசு, தையல் மிஷின் பழசு, அவர் சைக்கிள் பழசு, பிள்ளைகள் படிக்கிற புத்தகம் பழசு, எது நம்மைக் கைவிட்டது என்று கேட்டேன். நான்கு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தவருக்குப் பெட்டி பிரிக்காததுதான் வேண்டுமாக்கும் என்று கேட்டேன். சைக்கிள் நின்றுபோனால் இறங்கி உருட்டிக்கொண்டு வரலாம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அவரும் அதைச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "சரி, பழசே பாப்போம்" என்றார்.

பேரம் பேச அவருக்கு வராது என்று கடைக்கு நானும் போனேன். மணிலாக் கயிறும் பித்தளை விளக்கும் தொலைநோக்கியும் அடைத்துக் கிடந்த கடை. அண்ணாச்சி ஒரு துணிப்பையிலிருந்து அதை எடுத்து வைத்தார். வெள்ளிக் கிண்ணம்போல் பளபளத்தது. "கப்பல்காரன் வாங்கி ஒரு வருசங்கூட ஆவல, டீச்சர்" என்றார். நான் குடம் வாங்குகிறவள் மாதிரி விரலை மடக்கி அதைத் தட்டிப் பார்த்தேன். சத்தம் நன்றாகத்தான் இருந்தது.

என் கணவர் அதை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். சிலிண்டரில் பொருத்துகிற வாயில் காற்றை வடிகட்டுகிற சின்னச் சல்லடை ஒன்று உண்டு. அதைத்தான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "உள்ள லேசா பச்சையா தெரியுது. களிம்பு" என்றார் என்னிடம், தணிந்த குரலில். "உப்புத்தண்ணி போயிருக்கு போல."

"களிம்பு பிடிக்காத பித்தள எந்த வீட்டுல இருக்கு?" என்றேன். தணிந்த குரல் எனக்குத் தெரியாது. "புளி போட்டுத் தேச்சா போயிரும். இதுக்குப் போயி பேச்சு."

அண்ணாச்சி கையைத் தட்டிச் சிரித்தார். "டீச்சருக்குத் தெரியாதது உண்டுமா?" என்றார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது. இன்னும் கொஞ்சம் குறைத்துக் கேட்டேன், குறைத்தார். கடலில் இறக்கிவிட்டால் திருப்பி எடுக்க மாட்டேன் என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பேரம் முடித்து வெளியே வந்தபோது நான் ஒருத்திதான் பேசிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை அதைக் கடலில் சோதித்துப் பார்க்க ஏற்பாடு. அவருக்குச் சளி பிடித்துக் காது அடைத்திருந்தது. காது அடைத்திருக்கும்போது ஆழத்துக்குப் போனால் செவிப்பறை போய்விடும். அதனால் அவரோடு வழக்கமாக வேலைக்கு வருகிற சங்கு குளிக்கிறவர் அவருக்குப் பதிலாக இறங்குவதென்று முடிவாயிற்று. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வயதுதான் அவருக்கும். கடற்கரைப் பரவர் குடும்பம், மாதா கோயிலில் காலைப் பூசை தவறாது. சங்கு குளிக்கிறவர்களிலும் அவர் தம், அதாவது மூச்சடக்கு, பேர்போனது. வெறும் நெஞ்சில் மூச்சை அடக்கிக்கொண்டு ஆறு பாகம், அதாவது முப்பத்தாறு அடி, ஆழத்துக்குப் போய், மற்றவர்கள் இரண்டு தடவை போய் எடுக்கிற சங்கை ஒரே தடவையில் அள்ளிக்கொண்டு வருவார். கரையிலேயே சிறந்த ஆள் இறங்கிப் பார்க்கிறார் என்பதில் எனக்கு ஒரு திருப்தி. அதைவிட என்ன பரீட்சை வேண்டும் என்று நினைத்தேன்.

வள்ளத்தில் இருவரும் போய்விட்டு மத்தியானம் என் கணவர் மட்டும் வீட்டுக்கு வந்தார். நான் வாசலிலேயே மறித்து, "என்ன ஆச்சு?" என்றேன்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. "நல்லா இழுக்குன்னு சொல்லுதான்" என்றார்.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்லா!" என்றேன். பீடி நன்றாக இழுக்கிறது, சுருட்டு நன்றாக இழுக்கிறது என்று ஆம்பிளைகள் சொல்வார்களே, அந்த மாதிரி என்று எடுத்துக்கொண்டேன். இழுத்தவுடன் வருகிறது, தாராளமாக வருகிறது. பழசு வாங்கச் சொன்ன என் புத்திக்குக் கிடைத்த மெடல் அது. அன்று மத்தியானம் ஆசையாக மீன்குழம்பு வைத்தேன். அவர் இரண்டு கவளம் சாப்பிட்டு எழுந்துவிட்டார். சளிதான் காரணம் என்று நினைத்து நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆராதனை முடிந்து வந்தபோது அவர் வீட்டில் இருந்தார். சமையல்கட்டில் ஒரு கிண்ணத்தில் புளியைக் கரைத்து, ரெகுலேட்டரின் பித்தளைத் துண்டுகளை அதில் ஊறப்போட்டிருந்தார். பழைய டூத் பிரஷ்ஷால் அந்தச் சல்லடையைத் தேய்த்துத் தேய்த்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். "பளபளன்னு இருக்கணுமாக்கும், மாப்பிள ஊர்வலம் போறாவ" என்று நான் கேலி செய்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பிறகு எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு சிலிண்டரை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினார். காது திறந்துவிட்டது என்றார். நான் நெற்றியில் கைவைத்து ஜெபம் பண்ணி அனுப்பினேன்.

ஏழரை மணிக்கு சங்கு குளிக்கிறவர் வந்தார். சனிக்கிழமை கொண்டுபோன கயிற்றைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். இருந்தாலும் ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி கொடுத்தேன். வாசலில் நின்றபடியே குடித்தார்.

"வீட்டு அண்ணாச்சி வேலைக்குப் போயாச்சா டீச்சர்?"

"ஆறு மணிக்கே போயிட்டாவ. நீங்கதான் நல்லா இழுக்குன்னு சர்டிபிகேட் குடுத்துட்டீங்களே."

அவர் டம்ளரை வாயிலிருந்து எடுத்தார். "சர்டிபிகேட்டா? இழுக்குன்னு சொன்னேன் டீச்சர்" என்றார். சொல்லிவிட்டுத் தோள் இரண்டையும் காதுவரைக்கும் தூக்கி, கழுத்து நரம்பு புடைக்க, நெஞ்சை மேலே இழுத்துக் காட்டினார். "இந்தா, இப்படி. அடியில போவப் போவ ரொம்ப இழுக்கு. எனக்கென்ன? பத்து நிமிசத்துல ஏழெட்டு மூச்சு எடுத்திருப்பேன். தண்ணிக்கடியில ஒரு மூச்சு கெடச்சாலே எங்களுக்கு லாபந்தான. அண்ணாச்சி நெஞ்சு தாங்குமான்னுதான் எனக்கு ரோசன."

அவர் காட்டிய அந்த நெஞ்சு என்னுடையது. தோளைத் தூக்கி, கழுத்தைப் புடைத்து, இல்லாத காற்றை இழுக்கிற அந்த ஆட்டத்தை நான் பிறந்ததிலிருந்து ஆடிக்கொண்டிருக்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகள் ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொள்வார்கள், "டீச்சருக்கு இன்னைக்கு நல்லா இழுக்கு" என்று. என் அம்மா மருந்துக்கடையில் போய் அதைத்தான் சொல்வாள், "பிள்ளைக்கு நல்லா இழுக்கு" என்று. எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தமே கிடையாது. என் நோயின் பெயரைச் சொல்லி அந்த மனிதர் எச்சரித்திருக்கிறார், நான் அதைப் பீடி என்று எடுத்துக்கொண்டு மீன்குழம்பு வைத்திருக்கிறேன்.

பத்து நிமிஷத்துக்கு எட்டு மூச்சு எடுக்கிற ஆளை வைத்துச் சோதித்தால் எந்த ஓட்டைக் கருவியும் தேறும். என் கணவர் சாதாரண மனிதர். வேலை செய்துகொண்டே, தூணைச் சுரண்டிக்கொண்டே, நிமிஷத்துக்குப் பதினைந்து மூச்சு எடுக்கிறவர். ஆழம் கூடக் கூடக் காற்றும் கனம் கூடும், அதிகம் வேண்டும் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்தக் களிம்பு பிடித்த சல்லடை வழியாக அவ்வளவு காற்று எப்படி வரும்? வராது. வராவிட்டால் பதறுவார். பதறினால் இன்னும் அதிகம் இழுப்பார். இழுப்பு எப்படி வளரும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"என்னைய துறைமுகத்துல கொண்டு விடுங்க" என்றேன்.

பிள்ளைகளை அடுத்த வீட்டில் சொல்லிவிட்டு அவருடைய சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்தேன். இன்னொரு நாளாக இருந்தால் ஊர் என்ன சொல்லும் என்று ஒரு வாரம் யோசித்திருப்பேன். எதிரே எங்கள் தலைமையாசிரியை குதிரைவண்டியில் வந்தார். என்னைப் பார்த்து வாயைத் திறந்தது திறந்தபடி போனார். டவுனைத் தாண்டியதும் துறைமுகச் சாலையில் இரண்டு பக்கமும் உப்பளம். எதிர்க்காற்று. உப்பும் புழுதியும் முகத்தில் அடித்தன. அந்த மனிதர் எழுந்து நின்று மிதித்தார். சைக்கிள் நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. இறங்கி ஓடினால் சீக்கிரம் போய்விடலாம் என்று எனக்குப் பட்டது. இறங்கி ஓடினேன். ஐம்பது அடி ஓடியதும் நெஞ்சு பூட்டிக்கொண்டது. மறுபடி ஏறிக்கொண்டேன்.

ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர எனக்கு ஜெபம் வரவில்லை. முன்னால் அவர் மாதாவே, மாதாவே என்று மிதித்துக்கொண்டிருந்தார். "நான் இன்னும் தெளிவா சொல்லிருக்கணும் டீச்சர்" என்று இரண்டு தடவை சொன்னார். உங்கள் தப்பு இல்லை என்று சொல்ல எனக்கு மூச்சு இல்லை. புதுசு ஒன்று சென்னையில் பெட்டிக்குள் இருக்கிறது, நான் வாயைக் கொஞ்சம் மூடியிருந்தால் இன்றைக்கு அது அவர் வாயில் இருந்திருக்கும் என்பதை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். மணி என்ன ஆகியிருக்கும், இறங்கியிருப்பாரா, எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும் என்று மனசு கணக்குப் போட்டது. ஒவ்வொரு கணக்கிலும் அவர் செத்தார்.

வாசலில் காவலாளி மறித்தார். பாஸ் இருக்கிறதா என்றார். நான் வாயைத் திறந்தேன். விசில் மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. இத்தனை வருஷம் தெருவையே நடுங்க வைத்த தொண்டை, வேண்டிய நேரத்தில் ஒரு வார்த்தை தரவில்லை. கையைக் கூப்பினேன். நெஞ்சில் அடித்துக்கொண்டேன். காவலாளி என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். "ஏலே, இந்தம்மாவுக்கு மூச்சு முட்டுது, டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போ, ஓடு" என்று என் கூட வந்தவரை விரட்டினார். பாஸுக்குப் பதிலாக என் இழுப்பைக் காட்டி உள்ளே போனோம். டிஸ்பென்சரி இடது பக்கம் இருந்தது. நாங்கள் வலது பக்கம் திரும்பினோம்.

ஜெட்டியின் ஓரத்தில் என் கணவர் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருந்தார். ஆனால் அவர் முகம் அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு தடவை இறங்கி ஏறியிருக்கிறார். பக்கத்தில் ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இன்னும் ஐந்து தூண் பாக்கி என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர் தலையை ஆட்டிவிட்டு ரெகுலேட்டரை வாய்க்குக் கொண்டுபோனார்.

நான் போய் அதன் குழாயைப் பிடித்தேன். பிடித்து இழுத்தேன். அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பின்னால் நின்ற சங்கு குளிக்கிறவரையும் பார்த்தார். எனக்குப் பேச்சு வரவில்லை. தோள் தூக்கித் தூக்கி விழுந்தது. குழாயை மட்டும் விடவில்லை.

"யார் இது?" என்றார் சூப்பர்வைசர்.

"என் வீட்டுக்காரி" என்றார் அவர். கையிலிருந்த ரெகுலேட்டரைத் தரையில் வைத்தார். பிறகு, "கருவி சரியில்ல சார். இனி எறங்க முடியாது" என்றார்.

சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. நோட்டில் ஏதோ எழுதினார், பம்பாய்க்குத் தந்தி கொடுத்துவிடுவதாகச் சொன்னார், எனக்குக் குடிக்கத் தண்ணீர் வரவழைத்தார். இரண்டு வருஷத்து வேலை, ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் போய்விட்டது. கடற்கரைச் சாலை அண்ணாச்சி சொன்னபடியே அதைத் திருப்பி எடுக்கவில்லை. பிற்பாடு என் கணவர் ஓர் ஐஸ் பாக்டரியில் பிட்டராகச் சேர்ந்தார், கடைசிவரைக்கும் அங்கேயே இருந்தார்.

அன்று திரும்பி வரும்போது சங்கு குளிக்கிறவர் சிலிண்டரைத் தன் சைக்கிளில் கட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார். நாங்கள் இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு உப்பளத்து ஓரமாக நடந்தோம். எனக்கு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு கொட்டகை நிழலில் என்னை உட்கார வைத்து முதுகை நீவிவிட்டார். பேச வந்ததும் நான் கேட்டேன்.

"இப்பதான் தெரிஞ்சிதா உங்களுக்கு? அடியில போனப்புறமா?"

"இல்ல. சனிக்கிழமையே தெரியும். வள்ளத்துல இருந்து குமிழிய எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு மூச்சுக்கு வர வேண்டிய அளவுக்குக்கூட வரல்ல."

"புளி?"

"அதுவும் போட்டுப் பாத்தேன். அது உள்ளயே அரிச்சிருக்கு."

"பெறகு எதுக்கு எறங்கினீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

அவர் என் முதுகை நீவுவதை நிறுத்தவில்லை. குறை சொல்கிற குரலும் இல்லை. மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

"சொன்னா நீ சத்தம் போடுவ."

காற்று வராத குழாயை வாயில் வைத்துக்கொண்டு ஆறு பாகம் ஆழத்துக்குப் போவது இந்த மனிதருக்கு அதைவிட லேசாக இருந்திருக்கிறது. நான் அவரைக் கொல்லப் பார்த்தது பழைய ரெகுலேட்டரைக் கொண்டு இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இழுப்பு தாங்காமல் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாக நீவினார்.

அதற்குப் பிறகும் நான் சத்தம் போட்டிருக்கிறேன். பிறவிக் குணம், ஒரு நாளில் போகாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் போட்டு முடித்ததும் அவர் முகத்தைப் பார்ப்பேன். "எங்கிட்ட எதுவும் மறைக்கீங்களா?" என்று கேட்பேன். "ஒண்ணும் இல்லளா" என்பார். இருக்கலாம். ஆனால் அவர் ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லை என்று நம்ப என்னால் அதன்பின் ஒரு நாளும் முடியவில்லை.